நடுராத்திரி 3 மணிக்கு ஓடிய மோட்டார்... அப்பார்ட்மென்ட் கரன்ட் பில்லை ஏற்றியது யார்?

வீட்டுக் கணக்கு - இந்த வாரம்: பைப்

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் 12 வீடுகள். கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாட்ஸ்அப் குரூப். வழக்கமாக அதில் காலை வணக்கமும், காணாமல்போன பார்சலும்தான் ஓடும். போன வருடம் ஆறு மாதமாக அதில் ஓடியது ஒரே விஷயம்தான். காமன் மீட்டரின் இ.பி. பில்.

இரண்டு மாதத்துக்கு 520 யூனிட்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று 640 ஆனது. அடுத்த பில் 730. லிஃப்ட் அதே லிஃப்ட். படிக்கட்டு லைட் எல்லாம் எல்.இ.டி. புதிதாக யாரும் குடிவரவில்லை. அப்படியென்றால் யாரோ கரன்ட்டை எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். அந்த 'யாரோ' யார் என்பதில் குரூப்புக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

பார்க்கிங்கில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனும் அக்காவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. "அந்த அடுப்புதான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். "ராத்திரி ஹீட்டர்கூட போடுறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் இன்னொருவர். மீட்டிங் போட்டார்கள். மறுநாள் அந்த அறையின் பிளக் பாயின்ட்டுக்கான ஃபியூஸ் பிடுங்கப்பட்டது. அக்கா 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது பில் வந்தது. 738 யூனிட். அடுப்பு அணைந்து இரண்டு மாதமாகியும் மீட்டர் இறங்கவில்லை. அதை குரூப்பில் யாரும் சுட்டிக்காட்டவில்லை. நானும்தான்.

அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது

ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடித்து நான் வந்தபோது மணி அதிகாலை 3.10. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். "தூங்கலையாக்கா?" என்றேன். "இது எங்க தூங்க விடுது தம்பி... தெனமும் மூணு மணிக்கு கரெக்டா எழுப்பிவிட்டுடுது. நாலஞ்சு மாசமா இப்படித்தான்" என்றார்.

தொட்டியில் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கிறது. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் அணைக்கும். ராத்திரி 10 மணிக்கு நிறைந்த தொட்டி, எல்லோரும் தூங்குகிற நேரத்தில் எப்படிப் பாதியாகும்? இந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான்கு மாதத்துக்கு முன்பே விஷயம் முடிந்திருக்கும்.

முதலில் தோன்றுவது லீக். ஆனால், லீக்காக இருந்தால் எங்கேயாவது சுவர் ஊறியிருக்க வேண்டும், லாரித் தண்ணீர் செலவு கூடியிருக்க வேண்டும். லாரிக் கணக்கை செயலாளர் மாமாவிடம் வாங்கிப் பார்த்தேன். ஒரு லோடுகூட அதிகமாகவில்லை. தண்ணீர் வீணாகவில்லை, கரன்ட் மட்டும் வீணாகிறது. இந்தப் புதிரை அவிழ்த்தது, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பிளம்பர் அண்ணன். அவர் கேட்ட முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியது அல்ல. "மேல தொட்டிக்குள்ள பைப் எதுவரைக்கும் எறங்கியிருக்கு?"

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்

மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் போகும் பைப், வழக்கமாகத் தொட்டியின் மேல் விளிம்பு வழியாக உள்ளே வந்து, அங்கிருந்தே தண்ணீரைக் கொட்டும். எங்கள் தொட்டியிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால், அவ்வளவு உயரத்திலிருந்து கொட்டினால் 'சோ'வென்று சத்தம். நான்காவது மாடியில் இருப்பவர் தூக்கம் போகிறது என்று சொல்ல, யாரோ ஒரு புண்ணியவான் அந்த பைப்பின் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் துண்டு பைப்பை இணைத்து, தண்ணீருக்குள் மூழ்கும்படி விட்டுவிட்டார். சத்தம் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது கீழே வாருங்கள். சம்ப்புக்குள் இறங்கும் உறிஞ்சு பைப்பின் அடிநுனியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். தண்ணீரை மேலே மட்டும் விடும், திரும்பக் கீழே விடாது. உள்ளே ஒரு சின்ன மடல்தான், கதவு மாதிரி. அந்தக் கதவில் ஒரு கல் சில்லு சிக்கினால் போதும், மூடாது. மோட்டார் நின்றதும் பைப்பில் இருக்கும் தண்ணீர் சம்ப்புக்குத் திரும்ப வழிய ஆரம்பிக்கும்.

மேல் முனை காற்றில் இருந்தால் பைப்பில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான் இறங்கும். இரண்டு மூன்று வாளி, அவ்வளவுதான். மறுநாள் மோட்டார் ஏர் பிடிக்கும், பிரைமிங் செய்யும்போதே கோளாறு தெரிந்துவிடும். எங்கள் தொட்டியில் மேல் முனை தண்ணீருக்குள் இருந்தது. பெட்ரோல் டேங்க்கில் ட்யூபைப் போட்டு உறிஞ்சிவிட்டால் தானாக வந்துகொண்டே இருக்குமே, அதே கதை. தொட்டித் தண்ணீர் பைப் வழியாக, மோட்டார் வழியாக, சம்ப்புக்கு ராத்திரி முழுக்க இறங்கியது. பாதியானதும் கன்ட்ரோலர் மோட்டாரைப் போட்டது. அதே தண்ணீர் மறுபடி மேலே. மறுபடி கீழே. பைப்பின் முனை தொட்டியின் பாதி மட்டத்துக்கும் கீழே இருந்ததால் காற்று நுழையவே இல்லை, மோட்டார் ஒருநாளும் ஏர் பிடிக்கவில்லை. யாருக்கும் சந்தேகம் வராமல்போனது அதனால்தான்.

சொன்னதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது என்று ஓர் இரவு நானும் வாட்ச்மேன் அண்ணனும் உட்கார்ந்தோம். மோட்டாரை அணைத்துவிட்டு, 2 மணியிலிருந்து 3 மணி வரை. தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர். ஒரு குச்சியில் அடையாளம் போட்டு அளந்ததில் ஒரு மணி நேரத்தில் 15 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. 2 x 2 x 0.15 என்றால் 0.6 கன மீட்டர், அதாவது 600 லிட்டர். சம்ப் 3 மீட்டருக்கு 2 மீட்டர். அங்கே மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அதுவும் 600 லிட்டர். பள்ளிக்கூடத்தில் கன அளவு கணக்கு போட்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் கட்டடத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு பைசா செலவில்லை. தொட்டி இறங்கி சம்ப் ஏறினால், தண்ணீர் மோட்டார் வழியாகத் திரும்புகிறது. தொட்டி இறங்கி சம்ப் அப்படியே இருந்தால், ஏதோ ஒரு வீட்டில் லீக்.

1,000 லிட்டருக்குக் கால் யூனிட்

இதில் எவ்வளவு கரன்ட் போகிறது? 1,000 லிட்டர் தண்ணீரை 18 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் புத்தகப்படி 0.05 யூனிட் போதும். அது இழப்பே இல்லாத உலகத்துக் கணக்கு. எங்கள் மோட்டார் 1.5 ஹெச்.பி. ஓடும்போது சுமார் 1.5 கிலோவாட் இழுக்கிறது, நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றுகிறது. 1,000 லிட்டருக்கு 10 நிமிடம், அதாவது கால் யூனிட். புத்தகக் கணக்கைப்போல் ஐந்து மடங்கு. மோட்டாரின் வெப்பம், பம்ப்பின் தேய்மானம், பைப்பின் உராய்வு எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு நகரங்களில் குடிநீர்த் திட்டங்களுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. எங்கள் 12 வீட்டில் 48 பேர் என்றால் 6,480 லிட்டர். அதற்கு ஒரு நாளைக்கு 1.6 யூனிட் போதும். திரும்பி இறங்கியதோ மணிக்கு 600 லிட்டர், நாளுக்கு 14,400 லிட்டர். நாங்கள் குடித்து, குளித்து, துவைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைச் சும்மா ஏற்றி இறக்கியிருக்கிறோம். அதற்கு நாளுக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். குரூப் ஆறு மாதமாகத் தேடிய திருடன் இதுதான்.

காமன் மீட்டர் யூனிட் கொஞ்சம் வலிக்கும் யூனிட் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அப்பார்ட்மென்ட் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு வந்தபோது யூனிட் 8 ரூபாய் என்று வைத்தார்கள். 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சின்ன கட்டடங்களுக்கு மட்டும் 2023-ல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் உங்கள் பில்லில் இருப்பதைப் பாருங்கள். 8 ரூபாய் என்று வைத்தாலே எங்கள் 216 யூனிட்டுக்கு 1,728 ரூபாய். ஒரு வீட்டுக்கு 144 ரூபாய். இதற்காகத்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்தோம்.

ஏன் சரிசெய்யாமல் விட்டார்கள்?

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இந்தக் கேள்விதான். ஃபுட் வால்வு சரியில்லை என்றாலும், மோட்டாருக்கு மேலே ஏறும் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு, பிளம்பர்கள் சொல்வதுபோல் 'என்.ஆர்.வி.', ஒன்று இருந்தால் தண்ணீர் திரும்பியிருக்காது. எங்கள் பைப்பில் அது ஒருகாலத்தில் இருந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அது அடைத்துக்கொண்டது. மாற்ற வந்தவர் பார்த்திருக்கிறார். கழற்ற யூனியன் இல்லை. பைப்பை அறுத்தால்தான் எடுக்க முடியும். அதற்கு மேலே மூடுவதற்கு ஒரு வால்வும் இல்லை, அறுத்தால் நான்கு மாடித் தண்ணீரும் தலையில் கொட்டும். மோட்டார் ரூமோ ஆள் குனிந்து நிற்கக்கூட இடமில்லாத பொந்து. அவர் ஒரே ஒருமுறை அறுத்தார், என்.ஆர்.வி.யை எடுத்துப் போட்டுவிட்டு நேர் பைப்பை வைத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறியது, யாரும் கேட்கவில்லை.

"அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. கை போற எடமா இருந்தா அவரே மாத்தியிருப்பார். பைப்பை மறைக்கிறதுக்குத்தான் எல்லாரும் காசு குடுக்கிறாங்க, திறக்கிறதுக்கு யாரும் குடுக்கிறதில்ல" என்றார் நம் பிளம்பர் அண்ணன்.

கை போகாத இடத்தில் இருக்கும் பைப் ரிப்பேர் ஆவதில்லை. ஒட்டுப் போடப்படுகிறது, அல்லது விடப்படுகிறது. அந்த ஒட்டுக்கான வட்டியை மாதாமாதம் மோட்டார் கட்டுகிறது.

ஃபுட் வால்வைப் பார்ப்பதிலும் இதே தொல்லை. உறிஞ்சு பைப்பில் மேலே ஒரு யூனியன் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு பைப்பை அப்படியே வெளியே தூக்கலாம். இல்லையென்றால் யாராவது சம்ப்புக்குள் இறங்க வேண்டும். மூடியே கிடந்த சம்ப்புக்குள் இறங்குவது விளையாட்டல்ல. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், மோட்டாரிலிருந்து கரன்ட் கசியலாம். மெயின் ஸ்விட்சை அணைக்காமல், மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடாமல், மேலே ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். வாட்ச்மேனை நிச்சயமாக இறக்காதீர்கள். அது அவர் வேலையே இல்லை. சில நூறு ரூபாய் யூனியன் ஒன்று இந்த ஆபத்தையே இல்லாமல் செய்துவிடும்.

வெட்டிய பைப்புக்குள் என்ன இருந்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பழைய ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார்கள். ஒன்றேகால் இஞ்ச் பைப். உள்ளே பார்த்தால் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு வளையம், ஆஸ்பத்திரி போஸ்டரில் இருக்கும் ரத்தக் குழாய் படம் மாதிரி. போர்வெல் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து, சுற்றிலும் மூன்றரை மில்லிமீட்டர் படிந்திருந்தது. 35 மில்லிமீட்டர் துளை 28 ஆகிவிட்டது.

ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று நினைக்கலாம். பைப் உராய்வு அப்படி நேர்க்கோட்டில் கூடுவதில்லை. அதே அளவு தண்ணீரைத் தள்ள வேண்டுமென்றால், துளையின் விட்டம் குறையக் குறைய உராய்வு ஏறக்குறைய ஐந்தாம் மடியில் ஏறும். 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33. அதாவது உராய்வு மூன்று மடங்கு. சொரசொரப்பு வேறு. புதிதாக இருந்தபோது பைப் உராய்வு, தண்ணீரை இரண்டரை மீட்டர் கூடுதலாகத் தூக்குவதற்குச் சமமாக இருந்திருக்கும். இப்போது ஏழெட்டு மீட்டர். எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் மேல் இன்னும் ஒன்றரை மாடி இருப்பதாக நினைத்துக்கொண்டு மோட்டார் உழைக்கிறது. பாவம், அதனால் முடிந்த அளவு தண்ணீர் குறைவாக வருகிறது, அதிக நேரம் ஓடுகிறது.

எல்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாதாரண 90 டிகிரி எல்போ ஒன்று, தன் விட்டத்தைப்போல் சுமார் 30 மடங்கு நீள நேர் பைப்புக்குச் சமமான உராய்வைத் தரும். எங்கள் அளவு பைப்பில் ஒரு எல்போ என்பது ஒரு மீட்டர் பைப். தொட்டிக்குப் போகும் வழியில் ஒன்பது எல்போ எண்ணினேன். அதில் நான்கு, ஜன்னல் சன்ஷேடைச் சுற்றிப்போக வைத்தவை. ஒரு அடி தள்ளி ஏற்றியிருந்தால் தேவைப்பட்டிருக்காது.

முழு பைப்பையும் யு.பி.வி.சி.க்கு மாற்றுவதா என்பது இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது. என் கருத்து, மாற்ற வேண்டும்; ஆனால் மோட்டாரை மாற்றுவதற்கு முன்பு. மூன்றாவது பில் வந்தபோது சிலர் "2 ஹெச்.பி. மோட்டார் போட்டுடலாம்" என்று கொட்டேஷனே வாங்கிவிட்டார்கள். அடைத்த பைப்பில் பெரிய மோட்டார் போட்டால் அடைப்போடு மல்லுக்கட்ட அதிக கரன்ட் எடுக்கும், அவ்வளவுதான். பைப்பைச் சரிசெய்த பிறகு மோட்டார் வாங்குவதென்றால், பி.இ.இ. ஸ்டார் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் பார்க்கும் நாம் மோட்டாருக்குப் பார்ப்பதில்லை.

என்ன செய்தோம்?

ஃபுட் வால்வை வெளியே எடுத்தபோது மடலுக்கு நடுவே ஒரு கருங்கல் சில்லும், சுருண்ட டெஃப்ளான் டேப் துண்டும் சிக்கியிருந்தன. வடிகட்டி உடைந்திருந்தது. புதிது போட்டோம், மேலே யூனியனோடு. மோட்டாருக்கு மேலே யூனியன், என்.ஆர்.வி., அதற்கும் மேலே ஒரு பால் வால்வு, இந்த வரிசையில். இனி என்.ஆர்.வி. கெட்டால் பால் வால்வை மூடிவிட்டு, யூனியனைத் திருகிக் கழற்றலாம். அறுக்க வேண்டாம், குளிக்க வேண்டாம். மொத்தச் செலவு, அந்த 2 ஹெச்.பி. கொட்டேஷனில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் பைப்களில் இரண்டு கேட் வால்வு இருக்கிறது. ஒன்றைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருந்தது, மூடவில்லை. பல வருடமாக யாரும் தொடாததால் உள்ளே துருப்பிடித்துத் தண்டு முறிந்துவிட்டது. இதனால்தான் ஒரு வீட்டில் வாஷர் மாற்றவேண்டுமென்றாலும் ஆறு வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க அலுத்துப்போய் சொட்டும் குழாயை அப்படியே விட்டவர்கள் எத்தனை பேரோ! வால்வு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மூடித் திறந்துவிட வேண்டும். மாற்றும்போது கால் சுற்றில் மூடும் பால் வால்வாகப் போடச் சொல்லுங்கள். எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். எங்கள் மொட்டை மாடியில் இதை எழுதியது நான்தான். கையெழுத்தைப் பற்றி குரூப்பில் விமர்சனம் வந்தது.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியதில் முதலிடம் ஃப்ளஷ் டேங்க். சத்தமே இல்லாமல் உள்ளே கசியும். டேங்க்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கீழே கோப்பையில் கலர் வந்தால் வாஷர் போய்விட்டது. அம்மா எங்கள் வீட்டில் இதைச் செய்தார். கலர் வந்தது.

கீசர் விஷயத்தில் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. காயிலில் உப்புப் படிந்தால் கரன்ட் பில் எகிறும் என்பார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், வெப்பம் கொஞ்சம் தாமதமாகவாவது தண்ணீருக்குத்தான் போகும். பில் பெரிதாக மாறாது. காயில் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் கருகிப்போகும், அதுதான் நஷ்டம். பில்லைத் தின்பது கீசருக்கும் குழாய்க்கும் இடையிலான தூரம். முக்கால் இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணீர் நிற்கும். 10 மீட்டர் என்றால் 3 லிட்டர். சுடுதண்ணீர் வரும் வரை அந்த 3 லிட்டரைக் கீழே விடுகிறோம், குளித்து முடித்தபின் இன்னொரு 3 லிட்டர் சூடான தண்ணீரை பைப்பிலேயே ஆறவிடுகிறோம். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்து, அங்கிருந்து மூன்று நான்கு மாடி இறங்கும் வீடுகளில் இது இன்னும் அதிகம். அந்த பைப்பில் சுற்றியிருக்கும் கறுப்பு ஃபோம் வெயிலில் பொரிந்து உதிர்ந்திருந்தால் புதிதாகச் சுற்றி, மேலே வெயில் படாமல் மூடிவிடுங்கள். ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்குப் போகும் இரண்டு காப்பர் பைப்பில் தடிமனானதற்கும் இது பொருந்தும். அணில் அந்த ஃபோமைக் கூட்டுக்காகப் பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முழம் காணவில்லை.

புது வீடு கட்டுபவர்களுக்கும், பாத்ரூம் மாற்றுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டைல்ஸ் ஒட்டும் முன், சுவரில் பைப் ஓடும் இடத்தை ஓர் அளவு டேப்பை வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரிய வேண்டும். அதை போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் மாறும். பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பைப் ஓடும் டக்ட்டுக்கு ஒரு அடிக் கதவு வைப்பதை எந்த மேஸ்திரியிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு ஆள் ஸ்பேனரோடு உள்ளே நிற்க முடிகிறதா, அதைக் கேளுங்கள். பாத்ரூம் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சுவருக்குள் புதைப்பது இப்போதைய ஃபேஷன். அந்தப் படங்களைத் தினமும் சமூக வலைதளத்தில் பதிவேற்றுவதும் என் வேலையில் சேர்த்திதான். ஒரு படத்தில்கூட ரிப்பேர் செய்யும் வழி தெரிவதில்லை.

எங்கள் கட்டடத்தில் எல்லாம் முடிந்தபிறகு ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. தொட்டிக்குள் மூழ்கும் அந்தத் துண்டு பைப். அதை அறுத்து எடுத்தால் நான்காவது மாடிக்காரருக்கு மறுபடி 'சோ'. பிளம்பர் அண்ணன் சிரித்துக்கொண்டே டிரில்லை எடுத்தார். தொட்டி நிறைந்தாலும் தண்ணீர் எட்டாத உயரத்தில், அந்த பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். மோட்டார் நின்றதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும், தண்ணீர் திரும்ப இறங்கும் சங்கிலி அறுந்துவிடும். மோட்டார் ஓடும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும், அது தொட்டிக்குள்ளேயே விழும். இனி ஃபுட் வால்வும் என்.ஆர்.வி.யும் சேர்ந்தே கெட்டாலும் தொட்டி காலியாகாது. அந்த ஓட்டைக்கு அவர் காசு வாங்கவில்லை.

அடுத்த பில் 505 யூனிட். குரூப்பில் செயலாளர் மாமா ஸ்க்ரீன்ஷாட் போட்டார். 11 பேர் கைதட்டினார்கள். வாட்ச்மேன் அண்ணன் அந்த குரூப்பில் இல்லை. ஃபியூஸை நானும் மாமாவும்தான் கீழே எடுத்துப்போய் மாட்டினோம். மாமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அக்கா, "பரவால்ல சார், ராத்திரி நல்லா தூக்கம் வருது" என்றார். அந்த 5 கிலோ சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.